நான்கு சக்கரம் விலை போட்ட புத்தகம்: குமரி மாவட்டத்தின் கவனிக்கப்படாத நூல்களை ஏன் தேட வேண்டும்?

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ ஒரு பழைய வீட்டை இடிக்கும்போது மச்சிலிருந்து மெலிந்த புத்தகம் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னட்டை போய்விட்டது. தலைப்புப் பக்கத்தின் அடியில் ‘1104’ என்று அச்சாகியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ‘விலை 4 சக்கரம்’. கிடைத்தவர் கைபேசியில் தலைப்பைத் தட்டிப் பார்க்கிறார்; ஒன்றும் வரவில்லை.

இதற்குப் பிறகு பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையான பொக்கிஷம் என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றும் (1104இல் அச்சு இயந்திரம் ஏது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்). இல்லையென்றால் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான்: இணையத்தில் இல்லாத ஒரு புத்தகத்தை என்னவென்று மதிப்பது? அந்த 1104இலிருந்தே தொடங்கலாம்.

1104 எந்த ஆண்டு?

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியாகவும், 1949 முதல் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாகவும் இருந்தது. அங்கே அரசு ஆவணம், பத்திரம், ஜாதகம், புத்தகம் பெரும்பாலானவற்றில் மலையாள ஆண்டு எனப்படும் கொல்லம் ஆண்டே வழக்கு. அது ஆவணியில், மலையாளக் கணக்கில் சிங்க மாதத்தில், பிறக்கிறது. மாற்றும் முறை எளிது:

1. ஆவணி முதல் மார்கழி நடு வரை என்றால் 824ஐக் கூட்ட வேண்டும்.
2. ஜனவரி பிறந்த பிறகு ஆடி முடியும் வரை என்றால் 825ஐக் கூட்ட வேண்டும்.
3. மாதம் தெரியாவிட்டால் இரண்டு ஆண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆக 1104 என்பது 1928-29. இதைத் தெரிந்துகொள்ளாமல் பழைய நூலைப் படிப்பவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. திருவிதாங்கூரைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளத்தைத் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்பார்கள். அது 1899 அன்று, 1999உம் அன்று. கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை. ‘தொண்ணூற்றொன்பது வெள்ளத்தில் பிறந்தவர்’ என்று ஒரு குடும்பக் குறிப்பில் இருந்தால், கணக்கு தெரியாதவர் தாத்தாவுக்கு இருபத்தைந்து வயதைக் கூட்டிவிடுவார்.

விலையும் அப்படித்தான். திருவிதாங்கூர் நாணயத்தில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக உள்ளூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு. நான்கு சக்கரப் புத்தகம் என்றால் ரூபாயில் ஏழில் ஒரு பங்கு. அன்றைக்கு அது சாமானியர் கைக்காசு கொடுத்து வாங்கக்கூடிய மலிவுப் பதிப்பு. இந்த ஒரு விவரமே புத்தகம் யாரை நினைத்து அச்சடிக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது.

பழையது, அரியது, கவனிக்கப்படாதது

இந்த மூன்று சொற்களையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் பாதிச் சிக்கல். பழைய நூல் ஏராளமாகக் கிடைக்கலாம். அரிய நூல் என்பது பிரதிகள் குறைவாக எஞ்சியது. அதன் சந்தை விலை ஏறலாம், உள்ளே சரக்கு இல்லாமலும் போகலாம். கவனிக்கப்படாத நூல் இந்த இரண்டிலும் சேராமல் இருக்கலாம். நூலக அலமாரியில் பத்துப் பிரதி இருக்கும்; முப்பது ஆண்டாக ஒருவரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

‘நல்ல நூலாக இருந்தால் காலம் காப்பாற்றியிருக்குமே’ என்று ஒரு வாதம் உண்டு. அதை முழுதும் தள்ள முடியாது. பல நூல்கள் மறக்கப்பட்டதற்கு அவற்றின் தரமே காரணம். ஆனால் காலம் என்பது யார்? பாடநூல் குழு, நூலகக் கொள்முதல், மறுபதிப்புக்குப் பணம் போடும் பதிப்பகம், பட்டியல் எழுதும் எழுத்தர், கரையான். இவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் காலம். குமரி மாவட்டத்தின் விஷயத்தில் இந்தப் பட்டியலில் அரசியல் எல்லையையும் சேர்க்க வேண்டும்.

இந்த மாவட்டத்து நூல்கள் ஏன் அதிகம் நழுவின?

1. பிரிட்டிஷ் இந்தியாவில் 1867இல் வந்த அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டப்படி, அச்சான ஒவ்வொரு நூலின் பிரதியையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியிடும். சென்னை மாகாணத்தில் என்னென்ன தமிழ் நூல்கள் வந்தன என்று ஆய்வாளர்கள் தேடும்போது முதலில் புரட்டுவது இந்தப் பட்டியல்களைத்தான். திருவிதாங்கூர் தனி சமஸ்தானம். அந்தச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தவில்லை. நாகர்கோவிலில் 19ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியிலேயே லண்டன் மிஷன் அச்சகம் இயங்கத் தொடங்கியிருந்தாலும், இங்கே அச்சானவை சென்னைப் பட்டியலில் ஏறியாக வேண்டிய கட்டாயம் இல்லை.

2. சமஸ்தானத்தின் தலைநகர் திருவனந்தபுரம். ஆவணங்களும் நூல்களும் அங்கே போய்ச் சேர்ந்தன. 1956இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. காகிதம் கூடவே வரவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் இப்படித்தான்: நிற்பது குமரி மாவட்டத்தில், நிர்வாகம் கேரள அரசிடம்.

3. மொழி. ஒரே ஊரைப் பற்றிய செய்தி தமிழில் கொஞ்சம், மலையாளத்தில் கொஞ்சம், ஆங்கிலத்தில் கொஞ்சம் என்று பிரிந்து கிடக்கிறது. தமிழ் மட்டும் படிப்பவருக்கு மூன்றில் இரண்டு பங்கு கண்ணில் படாது.

4. நூலின் வகை. விழா மலர், சபை வரலாறு, கல்யாண வாழ்த்து மடல், நாடகப் பாட்டுப் புத்தகம், கொலைச் சிந்து (கொலைச் செய்தியைப் பாட்டாக்கிய மலிவுப் பிரசுரம்), தேர்தல் துண்டுப் பிரசுரம். இவற்றை நூலகங்கள் நூலாகவே மதிக்கவில்லை. தாய்த் தமிழகத்தோடு இணையக் கோரிய போராட்டக் காலத்தில் கையில் கொடுத்துப் போன காகிதங்களை அலமாரியில் வைத்துக் காப்பாற்றியவர்கள் சில குடும்பங்கள் மட்டுமே.

சுதந்திரத்துக்குப் பின் 1954இல் வந்த நூல் ஒப்படைப்புச் சட்டம் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்றது. மீறினால் அச்சட்டம் விதித்தது 50 ரூபாய் வரை அபராதமும் நூலின் விலையும். ஊர்க் கமிட்டி மலர் அச்சடிக்கும் செயலாளர் எவர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்? 1867ஆம் ஆண்டுச் சட்டமும் இப்போது இல்லை. அதன் இடத்தில் வந்து 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பருவ இதழ்களோடு நின்றுவிட்டது. புத்தகங்களை அது தொடவில்லை.

ஒரு வரிக்குப் பின்னால் ஒரு செப்பேடு

கவனிக்கப்படாத நூலால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்பது நல்லது.

‘காந்தளூர்ச்சாலை கலமறுத்தருளி’ என்ற மெய்க்கீர்த்தித் தொடர் (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைச் சொல்லும் பகுதி மெய்க்கீர்த்தி) பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்த பலருக்கும் நினைவிருக்கும். முதலாம் ராஜராஜன் (985-1014) செய்த முதல் பெரிய காரியமாக அது சொல்லப்படுகிறது. கலம் என்றால் கப்பலா, உண்கலமா? சாலை என்றால் படைக்கலச் சாலையா, கல்விச் சாலையா, அன்னசாலையா? சமூக ஊடகங்களில் இந்தச் சண்டை ஆண்டுக்கு நான்கு முறை வருகிறது. பெரும்பாலும் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டிக்கொண்டே அடித்துக்கொள்கிறார்கள்.

இந்த விவாதத்துக்கு உதவும் முக்கியமான சான்றுகளில் ஒன்று விளவங்கோடு பகுதியில், முன்சிறைக்கு அருகே உள்ள பார்த்திவபுரத்தோடு தொடர்புடையது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் அங்கே ஒரு கோவில் கட்டி, ஒரு சாலையையும் நிறுவினான். அதைச் சொல்லும் செப்பேடு திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. பதிப்பித்தவர் சமஸ்தானத்தின் தொல்லியல் கண்காணிப்பாளராக இருந்த டி.ஏ. கோபிநாத ராவ்.

அந்தப் பக்கங்களைப் புரட்டினால் தெரிவது: சாலையில் 95 சட்டர்களுக்கு, அதாவது மாணாக்கருக்கு, இடம். எந்த வேதப் பிரிவினருக்கு எத்தனை இடம் என்றுகூடப் பங்கிடப்பட்டிருக்கிறது: பவிழியம் 45, தைத்திரியம் 36, தலவகாரம் 14. விதிகள் காந்தளூர் முறைப்படி என்றும் வருகிறது. இதிலிருந்து இரண்டு முடிவுக்கு வரலாம்:

1. ராஜராஜன் அரியணை ஏறுவதற்கு 119 ஆண்டுகளுக்கு முன்பே காந்தளூர்ச்சாலை மற்றவர்கள் பார்த்துப் பின்பற்றும் அளவுக்குப் பெயர்பெற்ற நிறுவனம்.
2. ‘சாலை’ என்ற சொல்லுக்கு மாணாக்கர் தங்கிப் படிக்கும் இடம் என்ற பொருள் இந்த வட்டாரத்தில் வழக்கில் இருந்தது.

கலம் என்ற சொல்லின் பொருளை இது தீர்த்துவிடவில்லை. ஆனால் வாதத்துக்கு அடியில் தரை கிடைக்கிறது. தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் காந்தளூர்ச்சாலையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கவிமணியைக் குழந்தைப் பாடல்களோடு நிறுத்திக்கொண்ட நமக்கு, கல்வெட்டு படித்த கவிமணியைத் தெரிவதில்லை. மறக்கப்பட்ட ஆசிரியரைத் தேடுவது ஒரு வேலை. நன்கு அறிந்த ஆசிரியரின் அறியாத பாதியைத் தேடுவது இன்னொரு வேலை. இரண்டாவதில் பலன் சீக்கிரம் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

கவிமணியின் மருமக்கள்வழி மான்மியத்துக்கும் இதே விதி. நாஞ்சில்நாட்டு வேளாளரிடையே சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு, போன முறையைக் கிண்டல் செய்யும் அந்தக் கவிதை, ‘தமிழன்’ இதழில் 1917-18இல் தொடராக வந்தது. படித்துச் சிரிக்கலாம். ஆனால் கொல்லம் 1101இல் (1925-26) வந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான், ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்டவளின் புலம்பலில் இருக்கும் சொத்துக் கணக்கு புரியும். அந்தச் சட்டப் புத்தகத்தை இலக்கிய மாணவர் எவரும் கேட்டு வாங்குவதில்லை.

விழா மலரின் கடைசிப் பக்கங்கள்

பள்ளி நூற்றாண்டு மலரையோ கோவில் கும்பாபிஷேக மலரையோ கையில் எடுப்பவர்கள் வாழ்த்துரைகளைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அமைச்சர் வாழ்த்து, ஆயர் வாழ்த்து, தலைமையாசிரியர் வாழ்த்து. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. புரட்டவேண்டியது பின்பக்கம்.

நன்கொடையாளர் பட்டியலில் சிலர் ரூபாய் கொடுத்திருப்பார்கள். சிலர் கோட்டை என்ற பழைய அளவைக் கணக்கில் நெல் அளந்திருப்பார்கள். யாரிடம் பணம் புழங்கியது, யாரிடம் வயல் இருந்தது என்று இதைவிடத் தெளிவாக வேறெங்கே பார்ப்பது? ஆசிரியர் பட்டியலில் முதல் பெண் ஆசிரியை எந்த ஆண்டு வருகிறார், அவருக்கு எந்த ஊர் என்று இருக்கும். விளம்பரங்களில் இன்று இல்லாத ஜவுளிக்கடை, சோடா கம்பெனி, பஸ் சர்வீஸ், மூன்று இலக்கத் தொலைபேசி எண். பஸ் சர்வீஸ் விளம்பரத்தில் வழித்தடம் போட்டிருந்தால் எந்தக் கிராமத்துக்கு எப்போது சாலை போனது என்பதற்கு அதுவே சான்று. இதை எழுதியவர் யாரும் வரலாறு எழுதுவதாக நினைக்கவில்லை. அதனால்தான் நம்பகம் கூடுகிறது. விளம்பரக்காரருக்கு வழித்தடத்தில் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

அச்சுக்கு வரத் தாமதித்தவை, வெளியூர் போனவை

அய்யா வைகுண்டர் வழியினரின் அகிலத்திரட்டு அம்மானை 1841இல் எழுதப்பட்டதாக மரபு. அச்சேறியது 1939இல். இடைப்பட்ட ஒரு நூற்றாண்டு அது ஓலையிலும் வாயிலும் வாழ்ந்தது. பனையேறும் மக்கள் மீது சுமத்தப்பட்ட வரிகளைப் பாதிக்கப்பட்டவர் தரப்பிலிருந்து சொல்லும் நூல் இது. 1906இல் மூன்று தொகுதியாக வந்த நாகம் ஐயாவின் திருவிதாங்கூர் கையேட்டை மட்டும் வைத்து வரலாறு எழுதியவர்களுக்கு இந்தக் குரல் கேட்டிருக்காது. அழகியபாண்டியபுரம் பெரிய வீட்டு முதலியார் ஓலைகளும் அப்படி ஒரு வீட்டுக்குள் இருந்தவையே; கவிமணி கண்டு படித்தார், பின்னாளில் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ.கா. பெருமாள் நூலாக்கினார்.

கடற்கரை மக்களுக்காகப் போர்த்துகீசிய இயேசு சபைத் துறவி என்றீக் அடிகளார் எழுதிய ‘அடியார் வரலாறு’ 1586இல் அச்சானது. பதினாறாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை எப்படி இருந்தது என்பதற்கு இப்படி ஒரு முழு நூல் கிடைப்பது பெரிய காரியம். அதன் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. தனிநாயகம் அடிகள் 1950களில் கவனப்படுத்தினார். ராஜமாணிக்கம் அடிகளின் பதிப்பு 1967இல் தூத்துக்குடியிலிருந்து வந்தது. யாருக்காக எழுதப்பட்டதோ அந்தக் கரைக்குத் திரும்பி வர 381 ஆண்டு.

மறக்கப்பட்டது எல்லாம் உண்மை அன்று

தேடிக் கண்டுபிடித்த களிப்பில் நூல் சொல்வதை எல்லாம் நம்பிவிடும் ஆபத்து பெரிது. கால்டுவெல் 1849இல் சாணார்களைப் பற்றி வெளியிட்ட சிறுநூல் பிற்காலத்தில் அந்தச் சமூகத்தின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்நூல் எழுதியவரின் கண்ணாடி என்னவென்று சொல்லும். எழுதப்பட்டவரைப் பற்றிச் சொல்வதை வேறு சான்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சாதி வரலாற்றுப் பிரசுரங்கள் எதிர்த் திசையில் அதே தவறைச் செய்கின்றன: அத்தனை பேரும் அரச வம்சம். வர்ம ஓலை, வைத்திய ஓலை கிடைத்தால் பாடத்தைப் படிக்கலாம், பதிப்பிக்கலாம். அதைப் பார்த்து மருந்து கலக்கக் கூடாது.

எங்கே, எப்படித் தேடுவது?

1. திருவனந்தபுரம். 1829இல் தொடங்கிய பொது நூலகம், கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம், மாநில ஆவணக் காப்பகம். நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் போய் மாலையில் திரும்பலாம்.

2. சென்னை. கன்னிமரா நூலகமும், கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பை வைத்து 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகமும். தெருவில் விற்ற பாட்டுப் புத்தகங்களுக்கு இரண்டாவது இடமே சிறந்தது.

3. லண்டன் மிஷன் ஆவணங்கள் லண்டனில், கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் (SOAS) இருக்கின்றன. நாகர்கோவில், மயிலாடி, நெய்யூர்க் கடிதங்களைத் தேடுபவர்கள் அங்கே எழுதிக் கேட்கலாம்.

4. இணையம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஒரே எழுத்துக்கூட்டலை நம்பித் தேடக் கூடாது. நாகர்கோவில், நாகர்கோயில்; திருவிதாங்கூர், திருவாங்கூர், திருவிதாங்கோடு என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூலில் லை, னை முதலிய எழுத்துகள் துதிக்கைக் கொம்போடு இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் அங்கே தடுமாறும். தேடுபெட்டியில் ‘இல்லை’ என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. வீடுகள். வில்லுப்பாட்டுப் புலவர், வர்ம ஆசான், பழைய தமிழாசிரியர், வக்கீல் குமாஸ்தா ஆகியோரின் குடும்பங்களில் கேட்டுப் பார்க்க வேண்டும். ‘பழைய புத்தகம் இருக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘தாத்தா கையெழுத்துப் போட்ட காகிதம் ஏதாவது?’ என்று கேட்டால் பெட்டி திறக்கும்.

கையில் கிடைத்த பிறகு

மரக்கூழ்க் காகிதத்தில் உள்ள அமிலம் அதை மஞ்சளாக்கி, மடித்தால் ஒடியும்படி செய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. மீதியை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். எனவே:

1. முதலில் தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசிப் பக்கம் மூன்றையும் படம் எடுங்கள். பிறகு வரிசை மாறாமல் மற்றவை, வெற்றுப் பக்கம் உட்பட.

2. கிழிந்த இடத்தில் பசை நாடா ஒட்டாதீர்கள். சில ஆண்டில் நாடா உதிரும், கறை தங்கும். துருப்பிடித்த கம்பி ஊசியைப் பிடுங்க அவசரப்படவும் வேண்டாம்; காகிதமும் சேர்ந்து வரும்.

3. பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டுவரை நீடிக்கும். அதற்குள் இருந்தால் வாரிசிடம் கேட்காமல் பொதுவில் முழு நூலையும் ஏற்ற முடியாது. பட்டியலிடுவதற்கும், தலைப்பையும் ஆண்டையும் உள்ளடக்கத்தையும் குறித்துவைப்பதற்கும் யாருடைய அனுமதியும் வேண்டாம். பல நேரம் அடுத்தவருக்கு முதலில் தேவைப்படுவதும் அந்தக் குறிப்புத்தான்.

4. புத்தகத்தை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ‘படித்துவிட்டுத் தருகிறேன்’ என்று போனவை திரும்பாத அனுபவம் இந்த வீடுகளுக்கு நிறையவே உண்டு. திண்ணையிலேயே உட்கார்ந்து, வெயில் சாய்வதற்குள் படம் எடுத்து, வீட்டுக்காரர் கண்ணெதிரே பெட்டியில் வைத்துவிட்டு வாருங்கள். கடைசி அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் யாரோ போட்ட நெல் கணக்கு இருந்தால், அதற்கும் ஒரு படம்.